கண்டதை மட்டும் நம்புகிறவர்

திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பூமி தட்டை என்கிறார். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி கட்டுவதில் கெட்டிக்காரர், கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. முட்டாள் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாத ஆள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கடைக்கு ஒரு முழம் மல்லி வாங்கப் போனாலே, “வாங்க டீச்சரம்மா” என்று மலர்ந்த முகத்தோடு சண்டைக்கு அழைப்பார்.

அவர் கட்சி இது. 365 படியும் ஏறி மேலே நின்று பார், நாலு திசையும் சமமாகத்தான் கிடக்கிறது. ஏரித் தண்ணீர் வளைந்து நின்றதை யார் கண்டார்? ஈர்ப்பு விசை என்று ஒன்று கிடையாது. கனமானது இறங்கும், லேசானது ஏறும், அவ்வளவுதான். கந்தபுராணமும் நடுவில் மேரு, சுற்றிலும் ஏழு கடல் என்றுதானே சொல்கிறது? கடைசியில் ஒரு வெட்டு: “நீங்க புஸ்தகத்துல படிச்சதைச் சொல்றீங்க. நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்.”

எதிராளியின் கட்சியை முழுசாக எடுத்துவைத்த பிறகே மறுப்பது நம் சைவப் பெரியவர்கள் வழக்கம். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அப்படித்தான் ஒவ்வொரு மதத்தையும் பேசவிட்டு மறுக்கிறார். அங்கே முதலில் வந்து நிற்பவன் உலகாயதன்: காண்டல் ஒன்றே அளவை, கண்ணில் படாதது இல்லை என்பவன். இந்த ஊரில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் ‘இந்தியத் தத்துவம்’ முதல் தொகுதியில் அவனுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்திருக்கிறார். சைவ சித்தாந்திக்கோ காண்டல், கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்று அளவையும் வேண்டும். நெற்றி நிறைய திருநீறு பூசிய என் பூக்கடைத் தம்பி, விவாதத்தில் இறங்கிவிட்டால் சுத்தமான உலகாயதன்!

அவர் கண் பொய் சொல்லவில்லை. 200 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வரைதான் அடிவானம். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அவ்வளவு சின்னத் துண்டில் வளைவு தெரியாது. சுற்றளவில் நூறில் ஒரு பங்கு தட்டையாகத்தான் தோன்றும் என்று பாஸ்கராச்சாரியார் 1150-இல் சித்தாந்த சிரோமணியில் எழுதியாயிற்று. அவருக்கு முன்பே லல்லர், பூமி தட்டை என்றால் தொலைவில் நிற்கும் பனை மாதிரி உயர்ந்த மரங்கள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கேட்டுவிட்டார். ஆரியபட்டர் 499-இலேயே உருண்டை என்றவர். இவர்களில் யாரும் சாமி கும்பிடுவதை விட்டுவிடவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வரும். வட்டுக்கோட்டைச் செமினரியில் அமெரிக்க மிஷனின் டேனியல் பூவர், அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தோடு மோதினார். 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணம். தொடங்கும் நேரத்திலும் மறைப்பின் அளவிலும் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை. ஆட்கள் கூடிப் பார்த்தார்கள். பூவர் கணக்குத்தான் சரியாக வந்தது. மேரு சரிந்தால் சிவனும் சரிந்துவிடுவார் என்று மிஷனில் எதிர்பார்த்தார்கள். ஆனால் சாஸ்திரியாரின் கணக்கு மேருவின் மேல் நின்றதே இல்லை. உருண்டைப் பூமியையும் அதன் நிழலையும் வைத்துக் கணிக்கும் சித்தாந்தக் கணக்கு அது. அவர் தோற்றது நிமிடங்களில். உலகத்தின் வடிவத்தில் இல்லை. சைவம் ஒன்றும் ஆகாமல் நின்றது.

கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சியில் இருந்து கந்தபுராணம் பாடியபோது நில அளவை அதிகாரியாக உட்காரவில்லை. சூரபத்மன் ஆண்டது 1008 அண்டம் என்றால், அவனை அடக்கிய முருகன் எப்பேர்ப்பட்டவன் என்பதுதான் பேச்சு. அந்தப் போர்ச் சினம் தணிய அவன் வந்து நின்ற மலையின் கீழே உட்கார்ந்துகொண்டு, சினத்தை விட்டுவிட்டு யோசனைத் தூரக் கணக்கைப் பிடித்துக்கொள்வானேன்?

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். பஞ்சாங்கத்தில் போட்டிருந்த நேரத்தை நம்பித் தம்பி முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டார். அந்த நேரமே உருண்டைப் பூமியின் நிழல் கணக்கு என்றேன். “அது பெரியவங்க எழுதினது” என்றார். ஆக, உரை அளவை அவருக்கும் உண்டு. போனில் தெலுங்கிலும் தமிழிலும் பேசும் வீடியோக்காரர்களுக்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிட்டதுதான் கோளாறு. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவர் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் தப்பு என்று பேசினார். ஈர்ப்பு அலைகளுக்குப் பிரதமர் பெயரை வைக்கலாம் என்றார். நாம் சிரித்தோம். சிரிப்பு என் பூக்கடைக்குப் பதில் ஆகாது.

ஈர்ப்புக்கு ஒரு தண்ணீர் பாட்டில் போதும். அடியில் ஓட்டை போட்டு, மூடியைக் கழற்றிப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும். கையை விட்டுவிட்டால் விழுகிற நேரம் முழுக்கப் பீய்ச்சல் நின்றுவிடும். கனமானது தானே இறங்கும் என்பது மட்டுமே விஷயமானால், விழும்போதும் தண்ணீர் காற்றைவிடக் கனம்தானே, ஏன் நின்றது? பாட்டிலையும் தண்ணீரையும் பூமி ஒரே முடுக்கத்தில் இழுக்கிறது என்றால் புரிகிறது. படிக்கட்டில் நின்று அவரே போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பாட்டிலுக்கு ஓட்டை போட்டார்.

வடிவத்துக்குக் கம்பும் நிழலும். ஏப்ரல் 24, 25 வாக்கில் நம் ஊரில் உச்சிப்பொழுதில் நிழல் விழாது. அன்று கன்னியாகுமரியில் ஒரு மீட்டர் கம்புக்குச் சுமார் 9 செ.மீ. நிழல் விழும். இது மட்டும் போதாது என்பதை நானே முதலில் சொன்னேன்: தட்டைப் பூமிக்கு மேலே 6,300 கிலோமீட்டரில் குட்டிச் சூரியன் நின்றாலும் இதே நிழல்தான் வரும். மூன்றாவது ஊர் வேண்டும். லண்டனில் அன்றைய உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேரிலிருந்து ஏறக்குறைய 38 பாகை சாய்ந்திருக்கும். அதை வைத்துத் தட்டைக் கணக்குப் போட்டால் சூரியன் 5,400 கிலோமீட்டரில் வந்து நிற்கிறது. ஒரே நாளில் ஒரே சூரியனுக்கு இரண்டு உயரம்.

“லண்டன்ல கம்பு நடுறது யாரு?”

அங்கே நர்ஸாக இருக்கும் என் பழைய மாணவி என்றேன்.

“அப்ப அதுவும் உரைதானே?” என்று மடக்கினார்.

உரைதான். ஆனால் இவளைக் கேள்வி கேட்கலாம்: கம்பு எவ்வளவு நீளம், எத்தனை மணி, தரை சமமா? சந்தேகம் வந்தால் வேறொருவரை அளக்கச் சொல்லலாம். உன் வீடியோக்காரனை என்ன கேட்க முடியும்?

கொஞ்ச நேரம் நாரை முடிந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: கன்னியாகுமரியில் கம்பு பிடிப்பது அவருடைய சித்தப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும், அவரையும் கேள்வி கேட்க எனக்கு அனுமதி உண்டாம்.