திருவுளச்சீட்டும் மருத்துவ அறமும்

நோயுற்ற ஒருவர் மருத்துவரை நாடிச் செல்லும்போது தம்மோடு ஒரு நம்பிக்கையை எடுத்துச் செல்கிறார். தம் நோய் இன்னதென்று மருத்துவர் அறிவார். அதற்கேற்ற மருத்துவம் எதுவென்றும் அறிவார். அறிந்ததைத் தம் நன்மைக்காகவே செய்வார் என்பதே அந்த நம்பிக்கை. அவ்வாறு வந்து அமர்ந்தவரிடம், "உங்களுக்கு அறுவை மருத்துவம் செய்வதா, மருந்து மட்டும் கொடுப்பதா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. சீட்டுப் போட்டுப் பார்ப்போம். எது வருகிறதோ அதைச் செய்வோம்" என்று மருத்துவர் கூறினால் நாம் என்ன நினைப்போம்? பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்போம். மனித உயிரோடு விளையாடுகிறார் என்று சினந்தும் கொள்வோம்.

ஆயினும் மனச்சான்றுக்கு அஞ்சி நடக்கும் மருத்துவர்கள் பலர், உலகின் பல மருத்துவமனைகளில், ஆயிரமாயிரம் நோயாளரிடம் இந்தப் பொருளில்தான் பேசியிருக்கிறார்கள். கழுத்திலும் கால்களிலும் உள்ள இரத்தக் குழாய்கள் அடைபடும் நோய்க்கு எந்த மருத்துவம் சிறந்தது என்பதை அறிய நடந்த ஆய்வுகள் இதற்குத் தக்க சான்று. சீட்டு விழுந்தபடி மருத்துவம் செய்வது அறமாகுமா? ஆகுமென்றால் எந்த வரம்புக்குள் ஆகும்? இதனையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் உள்ளன. வயதாலும் புகைப்பழக்கத்தாலும் நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. படிவின் துணுக்கு ஒன்று பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வருகிறது. இதே படிவு கால் தமனிகளில் நேர்ந்தால், முதலில் நடக்கும்போது கெண்டைக்காலில் வலி தோன்றும்; பின்னர்ப் படுத்திருக்கும்போதும் வலிக்கும்; இறுதியில் விரல் கறுத்து, புண் ஆறாமல், காலையே இழக்க நேரிடலாம்.

குழாய் அடைத்திருக்கிறது, ஆகவே அடைப்பை எடுத்துவிட்டால் நோய் நீங்கும். இதைவிட எளிய நியாயம் வேறு உண்டோ? 1954-இல் இலண்டன் மாநகரில் அறுவை மருத்துவர்கள் ஒரு பெண்மணியின் கழுத்துத் தமனியில் குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்து, அச்செய்தியை வெளியிட்டனர். பின்னர்த் தமனியைத் திறந்து படிவைச் சுரண்டி எடுக்கும் முறை நிலைபெற்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1971-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 ஆக இருந்த இந்த அறுவைகள், 1985-இல் ஏறத்தாழ 1,07,000 ஆகப் பெருகின. எனினும் அதனால் நோயாளருக்கு விளைவது நன்மையா தீமையா என்பது அந்நாள்வரை ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை. அறுவையே பக்கவாதத்தை வருவிக்கவும் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இதே காலத்தில் வேறோர் அறுவையும் புகழ் பெற்றிருந்தது. மண்டைக்கு வெளியே தலைத்தோலில் ஓடும் தமனியை மண்டைக்குள் மூளையின் தமனியோடு இணைத்து, அடைபட்ட வழிக்கு மாற்று வழி அமைப்பது அது. 1967-இல் முதன்முதலாகச் செய்யப்பட்ட இந்த நுண்ணிய அறுவை கைத்திறனின் உச்சமாகப் போற்றப்பட்டது. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்து இலண்டன் நகரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஹென்றி பார்னெட், அதனை ஆய்வுக்கு உட்படுத்த முன்வந்தார். 1,377 நோயாளர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு அறுவையும் மருந்தும், மறு பிரிவினருக்கு மருந்து மட்டும் அளிக்கப்பட்டன. 1985-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. இணைத்த குழாய்களில் 96 விழுக்காடு அடைபடாமல் திறந்தே இருந்தன. அறுவை மருத்துவரின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. நோயாளருக்கு எப்பயனும் விளையவில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ஆய்வு நடவாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நல்லெண்ணமும் நிறைந்த கல்வியும் கொண்ட மருத்துவர்கள், பயனற்ற ஒன்றை, பயனுள்ளது என்று உளமார நம்பி, மேலும் பல்லாயிரவருக்குச் செய்துகொண்டே இருந்திருப்பர். அவர்களும் நோயாளர் உடலில் ஆய்வு நடத்தியவர்களே ஆவர். கணக்கு எழுதாத ஆய்வு என்பதே வேறுபாடு. குலுக்கல் முறை ஆய்வை நோக்கி "மனிதரைச் சோதனைப் பொருளாக்குகிறீர்" என்று குற்றம் சாட்டுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அறியாமையை ஒப்புக்கொண்டு கணக்கு வைப்பவரைக் கடிகிறோம். அறியாமையை அறிவென்று எண்ணிக் கணக்கின்றிச் செய்பவரைக் கைகூப்பி வணங்குகிறோம். நல்லெண்ணம் ஒன்றே ஒரு செயலை நற்செயலாக்கி விடாது. நம் நம்பிக்கை உண்மைதானா என்று உசாவிப் பார்ப்பதும் அன்பின் கடமைகளுள் ஒன்று.

அதே பார்னெட் அவர்கள் தலைமையில், கழுத்துத் தமனியைத் திறந்து படிவெடுக்கும் அறுவை அடுத்து ஆய்வுக்கு வந்தது. முன்னை ஆய்வு அறுவைக்கு எதிராக முடிந்ததால், இதுவும் அவ்வாறே முடியும் எனப் பலர் எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகி, முன்னரே நோயின் அறிகுறி கண்டிருந்த 659 பேரில் 328 பேர் அறுவைப் பிரிவிலும் 331 பேர் மருந்துப் பிரிவிலும் சேர்ந்தனர். அறுவை செய்துகொண்டோரில் 5.8 விழுக்காட்டினர் 30 நாள்களுக்குள் பக்கவாதமோ மரணமோ எய்தினர். அந்த விலையைக் கொடுத்த பின்னும், இரண்டு ஆண்டுகளில் அடைப்பு இருந்த பக்கத்தில் பக்கவாதம் கண்டோர் அறுவைப் பிரிவில் 9 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 26 விழுக்காடு எனத் தெரிந்தது. இவ்வளவு வேறுபாடு தெளிந்த உடனே, 1991-இல், கடும் அடைப்பு உள்ளோருக்கான ஆய்வு நிறுத்தப்பட்டது.

இப்போது நம் உள்ளத்தை உறுத்தும் வினாவுக்கு வருகிறோம். மருந்துப் பிரிவில் விழுந்த அந்த 331 பேர் யார்? அவர்களுள் நால்வருக்கு ஒருவர் என்னும் அளவில் பக்கவாதத்தால் தாக்குண்டனர். சீட்டு வேறு விதமாக விழுந்திருந்தால் அவர்களுட் பலர் பேச்சும் நடையும் இழக்காமல் இருந்திருக்கலாம். அவர்கள் இழந்ததால் நாம் அறிந்தோம். அப்படியென்றால் பலர் நலனுக்காகச் சிலரைப் பலியிட்டோமா?

கால் அழுகிய நோயாளியின் நிலையிலிருந்தே இதற்கு விடை தேடலாம். அழுகல் மேலேறினால் உயிர் போகும். எனவே காலை வெட்டி எடுக்கிறோம். அது கொடுமையன்று, கால் உடலுக்காகவே உள்ளது, உடலைக் காக்க அதனை இழக்கலாம். இந்த நியாயத்தைச் சமுதாயத்திற்கும் பொருத்தி, தனிமனிதர் சமுதாயம் என்னும் உடலின் உறுப்புகளே, எனவே முழுமைக்காக உறுப்பை இழக்கலாம் என்று கூறினால் என்ன? இருபதாம் நூற்றாண்டில் அவ்வாறு கூறியவர்கள் சிறை முகாம்களில் மனிதரை என்ன செய்தனர் என்பதை உலகம் அறியும். 1952 செப்டம்பரில் நரம்பு மண்டல நோயியல் அறிஞர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், இந்த ஒப்புமையை மறுத்தார். உறுப்புக்கு உடலைத் தவிர வேறு நோக்கமில்லை. மனிதரோ சமுதாயத்திற்காக மட்டும் வாழ்பவர் அல்லர். ஆகவே நோயாளியின் இசைவின்றி அவர்மேல் மருத்துவருக்கு உரிமையில்லை என்பது அவர் உரையின் சாரம். 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவர் மன்றம் வகுத்த நெறிகளும் நோயாளியின் நலனையே முதன்மையாக வைக்கின்றன.

இந்த அளவுகோலால் அளந்தால், 331 பேரும் பலியிடப்பட்டோர் அல்லர் என்றே நாம் கருதுகிறோம். அவர்களுக்குத் தாழ்ந்த மருத்துவம் கிடைத்தது என்பது நமக்கு இன்று தெரியும். சீட்டு விழுந்த நாளில் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தும் குலுக்கியிருந்தால் அது பாவம். தெரிந்த பின்னும் ஒரு நாள் தொடர்ந்திருந்தாலும் அது பாவம். உண்மையான அறியாமை நிலவும் வரையே சீட்டுக்கு அறத்தில் இடமுண்டு.

நம் முன்னோர் இதனை வேறொரு துறையில் உணர்ந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், வயது, சொத்து, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து தகுதியுடையோரைத் தேர்ந்த பின்னரே ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. தகுதியில்லாதவர் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது. பகுத்தறிவு போகும் தொலைவு வரை போன பிறகு, அதற்கு மேல் ஒருபக்கம் சாயாதிருக்கவே சீட்டு. மருத்துவ ஆய்விலும் அவ்வாறே. அறுவை எவருக்குத் தேவை என ஏற்கெனவே தெரியுமோ, எவருக்கு ஆகாது எனத் தெரியுமோ, அவர்கள் பெயர் குடத்துக்குள் போகலாகாது.

ஆயினும், இசைவு என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். இரவெல்லாம் கால் வலியால் உறங்காமல், கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் கொடுக்கும் இசைவு எத்தகையது? "ஐயா, எதையாவது செய்யுங்கள்" என்பதே அவர் விடை. படிவத்தில் கையொப்பம் இட்ட பின்னும், மருத்துவர் தமக்கென்று ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்திருக்கிறார் என்றே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். ஏழையும் எழுத்தறியாதவரும் மறுத்துப் பேசத் துணிவதில்லை. இங்கே சட்டம் கேட்கும் கையொப்பத்தோடு கடமை முடிவதில்லை. "எது நல்லது என்று எங்களுக்கே தெரியவில்லை" என்னும் சொற்களை அவர் மொழியில், அவர் விளங்கிக்கொள்ளும் வரை, சொல்ல வேண்டும். மறுத்தாலும் கவனிப்பில் குறையிராது என்பதையும் அவர் நம்பும்படிச் செய்ய வேண்டும். இது அறுவையைக் காட்டிலும் கடினமான பணி.

அந்த முதியவரின் கால்களைக் காக்கும் வழிதான் எது? அவர் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்று வழி அமைக்கலாம். அல்லது மெல்லிய குழலைச் செலுத்தி, பலூனை விரித்து, வேண்டுமாயின் ஸ்டென்ட் வைக்கலாம். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, வட அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் 1,830 நோயாளரைச் சேர்த்து நடந்தது. நல்ல சிரை உள்ளவர்களுள், அறுவை செய்துகொண்டோரில் 42.6 விழுக்காட்டினரும் பலூன் முறைக்கு உட்பட்டோரில் 57.4 விழுக்காட்டினரும் கால் இழப்பு, மீண்டும் பெரிய அறுவை, மரணம் ஆகியவற்றுள் ஒன்றை எய்தினர். அறுவையே மேல் என்று தோன்றியது. அடுத்த ஆண்டு பிரிட்டன், சுவீடன், டென்மார்க் நாடுகளில் 345 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. முழங்காலுக்குக் கீழ்த் தமனி அடைபட்ட அவர்களுள், கால் இழப்பையோ மரணத்தையோ எய்தியோர் அறுவைப் பிரிவில் 63 விழுக்காடு, பலூன் பிரிவில் 53 விழுக்காடு. விடை தலைகீழாயிற்று.

இதனைக் கண்டு, ஆய்வுகளே வீண் என்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இரு ஆய்வுகளிலும் நோயாளரும் அடைப்பின் இடமும் அளவிட்ட விளைவும் ஒன்றல்ல. எந்த நோயாளிக்கு எது என்று இன்னும் நுணுகிக் கேட்க வேண்டும் என்பதையே அவை உணர்த்துகின்றன. அறிவுக்கும் மூப்பு உண்டு. நோயின் அறிகுறியே இல்லாமல் கழுத்துத் தமனி குறுகியோரிடம் 1995-இல் முடிந்த ஆய்வில், ஐந்தாண்டுப் பக்கவாத ஆபத்து அறுவையால் 11 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதன்பின் கொழுப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து முறைகள் பெரிதும் மேம்பட்டன. ஆகவே அதே வினாவை மீண்டும் கேட்க நேர்ந்தது. 2025-இல் வெளியான இரட்டை ஆய்வில், தீவிர மருந்து முறையோடு ஸ்டென்ட்டும் வைத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை தெரிந்தது. அறுவையும் செய்துகொண்டோருக்கு அவ்வாறு உறுதியாகத் தெரியவில்லை. நேற்றைய உண்மையான விடை இன்றைக்கும் உண்மையாக இருக்கும் என்று மருத்துவர் சோம்பியிருக்க இயலாது.

எனவே, திருவுளச்சீட்டு அறத்துக்குப் புறம்பானதன்று; அதைக் கையிலெடுப்பவரின் உள்ளம் நேர்மையாக இருக்குமாயின். "அறியேன்" என்று சொல்வது மருத்துவருக்குத் தாழ்வாகத் தோன்றலாம். தம்மைத் தெய்வமாக எண்ணி வந்தவரிடம் தாமும் மனிதரே என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. ஆனால் பொய்யான உறுதியைவிட, உடன் நின்று சொல்லும் "அறியேன்" நோயாளியை மதிக்கிறது. நாளை நமக்கோ நம் பெற்றோருக்கோ அத்தகைய படிவம் நீட்டப்பட்டால், நாம் அஞ்சி ஓடவும் வேண்டா, படியாமல் கையொப்பம் இடவும் வேண்டா. "உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா? உங்கள் தாயாராக இருந்தால் அவரையும் இந்தக் குலுக்கலில் சேர்ப்பீர்களா?" என்று கேட்போம். கண்ணை நோக்கி "ஆம்" என்று சொல்லக்கூடியவரே சீட்டை எடுக்கத் தகுதியுடையவர்.

இன்று ஒருவருக்குக் கழுத்துத் தமனி அடைப்பு நீக்கப்பட்டு, அவர் பக்கவாதமின்றி வீடு திரும்பிப் பேரக் குழந்தைகளோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், அதற்கு மருத்துவருக்கு நன்றி சொல்கிறோம். இறைவனுக்கும் நன்றி சொல்கிறோம். பெயர் தெரியாத அந்த 331 பேரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்வோம். இன்னார் பிழைப்பார் என்று அறியாமலே, ஒரு வினாவுக்கு விடை காணத் தம் உடலைத் தந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடனை ஒருவகையில்தான் தீர்க்க முடியும்: அவர்கள் கண்டுதந்த விடையைப் புறக்கணியாமல் இருப்பதும், அடுத்த வினாவை அதே நேர்மையோடு கேட்பதும்.