எண்ணிக்கை சாட்சியாகுமா?

கணிப்பொறியில் தொடக்கப் பட்டியலைத் திறந்தால், நாம் அடிக்கடி எடுத்தாளும் செயலிகள் கேளாமலேயே முன்வரிசையில் வந்து நிற்பதுண்டு. இத்தகைய வசதிக்காக விண்டோஸ் இயங்குதளம் 'யூசர் அசிஸ்ட்' என்றொரு பதிவை எழுதி வருகிறது. இன்ன செயலி இத்தனை முறை திறக்கப்பட்டது, கடைசியாக இன்ன நேரத்தில் திறக்கப்பட்டது என்பன அதில் ஏறும். பெயர்கள் மட்டும் நேராக எழுதப்படுவதில்லை. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி, 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'என்' எழுதப்படும். பள்ளிச் சிறுவனும் அவிழ்க்கத்தக்க முடிச்சுத்தான். தேடி வருகிறவனை அது தடுப்பதில்லை. உடையவன் கண்ணுக்குத்தான் திரையாகிறது.

2001இல் வந்த எக்ஸ்பி பதிப்பு முதல் 'ப்ரீஃபெட்ச்' என்னும் மற்றோர் ஏடும் உண்டு. செயலி விரைந்து திறக்க வேண்டி ஏற்பட்டது அது. அதிலும் எண்ணிக்கை, அதிலும் நேரம்.

பணிவிடைக்காக வைத்த இப்பதிவுகள் இன்று குற்றப் புலனாய்வில் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. செயலியை நீக்கிய பின்னும் அதன் சுவடு இவற்றில் எஞ்சியிருக்கக் கூடுமன்றோ? ஆயினும் எண்ணுவதெல்லாம் சாட்சி ஆகிவிடுமா என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

'ஷஹித' என்னும் அரபு வினைக்கு நேரில் இருந்தான், கண்டான், சாட்சி பகர்ந்தான் என்றெல்லாம் பொருள் உண்டு. 'சாட்சி' என்று நாம் வழங்கும் வடசொல்லும் கண்ணை உள்ளடக்கியதே. காணாதவன் சாட்சியல்லன் என்பதில் இரு மொழிகளும் ஒத்துப் போகின்றன.

நம் புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் ஒரு தட்டச்சுக் கடை இருப்பதாக வைத்துக் கொள்வோம். காலையில் உரிமையாளர் அமர்கிறார். நண்பகலில் விண்ணப்பம் நிரப்ப ஒரு மாணவி வருகிறாள். மாலையில் உரிமையாளரின் தம்பி மகன். மூவருக்கும் ஒரே பயனர் பெயர், கடவுச்சொல் கிடையாது. யூசர் அசிஸ்ட் பயனர் பெயரைக் கொண்டே எண்ணுவதால் மூவரும் அதற்கு ஒருவரே. ப்ரீஃபெட்ச்சோ பயனர் பெயரையும் பாராமல் பொறி முழுமைக்கும் பொதுவாக எண்ணுகிறது. தம்பி மகன் கட்டளை தட்டி எதையேனும் ஓட்டியிருந்தால் யூசர் அசிஸ்டில் அது ஏறுவதுமில்லை. நாளை வழக்கென்று ஒன்று வந்தால் உரிமையாளர் பெயரன்றோ முன்னே நிற்கும்!

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்கிறது; கணிப்பொறியின் பொறுப்பாளரோடு வல்லுநரும் அதில் ஒப்பமிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவு இந்தப் பொறியிலிருந்து வந்தது என்பதற்கு அது உறுதி. விசையை அழுத்திய விரல் யாருடையது என்பதற்கன்று.

அதற்காக இப்பதிவுகளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் ஷஹாதத்தையும் 'கரீனா' எனப்படும் சூழ்நிலைக் குறிப்பையும் வேறு வேறாகவே வைத்தனர். ஒருவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல், அவர் அறையிலிருந்த பொறி, நள்ளிரவில் பலமுறை திறந்த தடம் எனப் பல சேரும்போது குறிப்பு வலுக்கிறது. அங்கும் அந்நேரத்தில் அவர் அவ்வறையில் இருந்தாரா என்பதை மனிதர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.