சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

"எழுத்து தெரியணுமா தம்பி? சுரண்டி விடட்டுமா? பொங்கலுக்கு எப்படியும் மறுபடி வெள்ளையடிக்கத்தான் போறோம்" என்று கேட்டார் பெரியவர். பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பூசிக்கொண்டிருந்தவர், கையில் கொத்துக்கரண்டியோடு வந்திருந்தார். "வேண்டாம் ஐயா" என்றேன். மார்கழி போய் மாசியும் வந்துவிட்டது. அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற வழியில் பிரியும் சிறு சாலை அது. கிராமத்துப் பழங்கட்டுமானங்களைக் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுக்கக் கிளம்பியிருந்தோம். மார்கழிக் காலையின் சாய்வெயில் கல்லில் தேய்ந்த எழுத்தையும் எழுப்பிக் காட்டும். புளியமரத்தடியில் சுமைதாங்கி நின்றது: நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர், யாரும் கைகொடுக்காமலே இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது அந்தக் கால வழக்கம். அவள் இறக்காமலே போன சுமை, வழிப்போக்கர் சுமை இறங்க இறங்கத் தணியும் என்பது நம்பிக்கை.

குறுக்குக் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். வருஷா வருஷம் பூசிய சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை அடைத்துவிட்டது. விரலால் தடவியபோது ஒரு 'ள' மட்டும் தட்டுப்பட்டது. அம்மாள் என்று முடிகிற எந்தப் பெயரிலும் இருக்கிற எழுத்து.

"யார் பேருங்க ஐயா?"

"எங்க ஆத்தா காலத்துலயே 'அந்த அம்மா'ன்னுதான் சொல்லுவாக."

ஒளி மீட்டரை நம்பினால் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்து எடுத்தேன். கழுவிப் பார்த்தால் வெள்ளையடித்த மட்டை இழுத்த வரிகள்கூடத் துல்லியமாக விழுந்திருக்கின்றன. அந்த 'ள' இருந்த இடத்தில் ஒரு மங்கல் குழி.

சுண்ணாம்பு எழுத்தை மூடுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அடுப்படிச் சுவர்தான் அப்பத்தாவின் கணக்கு நோட்டு. பாலுக்குக் கரிக்கோடு, கைமாற்றாகக் கொடுத்த நெல்லுக்குத் தனிக் கோடு. போகிக்கு முன்னால் சுட்ட கிளிஞ்சலைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது கொதித்துப் பொங்கும் சத்தத்துக்காகவே பக்கத்தில் குந்தியிருப்பேன். துளி நீலம் கலந்து மட்டையை எடுக்கும்போது அப்பத்தா சுவர் முன் நின்று ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொள்வாள். அப்புறம் "அடிங்கடா" என்பாள். திருப்பித் தராதவர்களின் கோடுகளும் அதோடு போய்விடும். அவள் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எப்போதோ படித்ததும் இதோடு சேர்ந்து வருகிறது. 1931இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். மேலே பூசியது கீழே இருந்ததை மறைத்தது. நூற்றாண்டுக்கணக்கில் காத்தும் வைத்தது. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கையும் சிதைக்காமல் உரித்தெடுத்தார்கள். கொத்துக்கரண்டிக்கு அந்தப் பக்குவம் வராது என்று நினைத்துத்தான் மறுத்தேன் போலும்.

ஆனால் அது அவருடைய ஊர்க் கல். இப்போது அந்தச் சாலையில் தலைச்சுமையோடு நடப்பவர் இல்லை. சாலை அகலப்படுத்தும்போது எத்தனையோ சுமைதாங்கிகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். இது இன்னும் நிற்கிறதென்றால் ஒவ்வொரு பொங்கலுக்கும் யாரோ சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதால்தான். பெயரே தெரியாத ஒருத்தியை ஓர் ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. பெயர் பளிச்சென்று தெரிந்தும் யாரும் எட்டிப் பார்க்காத நினைவுக் கற்களையும் அதே பயணத்தில் பார்த்தேன். செத்தவளுக்கு எது வேண்டியிருக்கும்? அந்தப் பெயரைப் படித்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு அவளுக்காகவா, என் படத்துக்காகவா? ஒருநாள் சுரண்டச் சொல்லியிருக்கலாம் என்று படுகிறது. மறுநாள், விட்டதே சரி என்று படுகிறது. இதை எழுதும்போதும் எந்தப் பக்கமும் சாய முடியவில்லை.

உங்கள் ஊர்ப் பாதையில் சுமைதாங்கி நின்றால், அது யாருக்காக நட்டது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். கல்லைச் சுரண்ட வேண்டாம்.