நாட்குறிப்பில் இடம்பெறாதவர்

அமெரிக்க நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவராயிருப்பவரது ஒரு வாரத்தை எண்ணிப் பார்ப்போம். அறங்காவலர் கூட்டம், நன்கொடையாளருடன் விருந்து, பேராசிரியர் நியமனம், கட்டிட நிதி, விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றிய புகார், இடையிடையே விமானப் பயணம். நம் நாட்டுத் துணைவேந்தர்க்கும் அலுவல் குறைவன்று. எனினும் நிதி திரட்டும் சுமை அங்கே பெரும்பாலும் தலைவரின் தோளில்தான் விழுகிறது. இத்தகைய வாரத்தில் ஓர் அறக்கேள்வி எழுகிறது: முன்னறிவிப்பின்றி வாயிலில் வந்து நிற்கும் ஒருவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்?

அருட்தந்தை தியடோர் ஹெஸ்பர்க்கின் வாழ்வை முன்வைத்து இதனை ஆராய்வது தகும். திருச்சிலுவைச் சபைக் குருவான இவர், இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திற்கு 1952-இல் தம் 35-ஆம் வயதில் தலைவராகி, 1987 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1957-இல் அமைந்த குடியுரிமைகள் ஆணையத்தின் முதல் உறுப்பினர்களுள் ஒருவர். 1969 முதல் 1972 வரை அதன் தலைவர். அக்காலத்தில் ஒரு கேலி உலவியது: கடவுள் எங்கும் இருக்கிறார், ஹெஸ்பர்க்கும் எங்கும் இருக்கிறார், நோட்டர் டேமைத் தவிர! கேலிதான், ஆயினும் அதனுள் ஒரு முறையீடு உண்டு.

அவர் சென்ற இடம் எது என்பதையும் பார்க்க வேண்டும். 1959-இல், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை விசாரிக்க லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகருக்கு ஆணையம் சென்றபோது, நீதிமன்றத் தடை விசாரணையை நிறுத்தியது. ஹெஸ்பர்க் உறுப்பினர்களை விஸ்கான்சினில் தம் பல்கலைக்கழகத்திற்குரிய ஏரிக்கரை இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். வடக்கத்தியரும் தெற்கத்தியரும் கலந்த அக்குழு, மீன்பிடித்து இளைப்பாறிய பொழுதில் தன் பரிந்துரைகளுள் பெரும்பாலானவற்றில் உடன்பாடு கண்டது. (மீன்பிடித்தல் திருச்சபைக்குப் புதிதன்று!) வாக்குச்சீட்டுக்காக ஏங்கியிருந்த அம்மக்கள் இந்தியானாவிலுள்ள ஒரு தலைவரின் கதவைத் தட்டியிருக்க முடியாது. ஆதலால், அருகில் நிற்பவர்க்கே எப்பொழுதும் முதலிடம் என்று நாம் விதி செய்துவிட இயலாது.

யாயிரின் இல்லத்திற்கு விரைந்த ஆண்டவர், தம் ஆடையைத் தொட்ட பெண்ணுக்காக நின்றார். அதற்குள் சிறுமி இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. ஒருவருக்காக நிற்கையில் வேறொருவரைக் காக்க வைக்கிறோம். இறந்தவரை எழுப்பும் ஆற்றலோ நமக்கில்லை.

ஹெஸ்பர்க் ஊரில் இல்லாததன் விலையில் ஒரு பங்கை அருட்தந்தை எட்மண்ட் ஜாய்ஸ் செலுத்தினார். அந்த 35 ஆண்டுகளும் செயல் துணைத்தலைவராக நிதியையும் கட்டிடங்களையும் விளையாட்டுத் துறையையும் அவரே கவனித்தார். வெளியே சென்றவரை உலகம் அறிந்தது. வீட்டில் தங்கியவரை அறிந்தோர் சிலரே. இது நமக்குச் சற்று வருத்தம் தருகிறது.

ஊரில் இருக்கும் நாட்களில் ஹெஸ்பர்க் நள்ளிரவு கடந்தும் பணிபுரிவார். பொற்குவிமாடம் தாங்கிய முதன்மைக் கட்டிடத்தில் அவரது அறை விளக்கைக் கண்டு, தீவிபத்தின்போது இறங்குவதற்கான வெளிப்படிக்கட்டில் ஏறிச் சென்று அவரைச் சந்தித்த மாணவர் உண்டு. பலரும் இச்செய்தியோடு நிறைவடைந்துவிடுவர். நமக்கோ ஓர் ஐயம். ஏறிச் சென்றவன் துணிவுடையவன். தந்தை வேலையிழந்ததை வெளியே சொல்ல நாணிய வேறொருவன், ஒளிரும் சன்னலைக் கீழிருந்து பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பியிருக்கக்கூடும். அங்குள்ள விடுதிகளில் குருக்கள் மாணவருடனேயே தங்கியிருப்பது நெடுங்கால வழக்கம். அவர்களுள் ஒருவர் அன்றிரவு அவனது அறைக்கதவைத் தட்டினாரா என்பது எந்தத் தலைவரின் நாட்குறிப்பிலும் எழுதப்பட்டிராது.