உதிர்ந்த முடியும் கடல் கடந்த வைத்தியமும்

திருக்குறளில் மானம் பற்றிய அதிகாரத்தில் இரண்டு குறள்களில் மயிர் வருகிறது. ஒன்றில், தன் நிலையிலிருந்து தாழ்ந்த மனிதருக்குத் தலையிலிருந்து உதிர்ந்த மயிர் உவமையாகிறது. மற்றதில், மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமா வருகிறது. மானத்துக்கும் மயிருக்கும் எமது மொழியில் இருக்கும் உறவு அத்தனை பழையது. அந்தச் சொல்லையே இன்று சபையில் உச்சரிக்கக் கூசி, முடி என்று மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். முடி என்றால் கிரீடம் என்றும் பொருள் உண்டு என்பதை வழுக்கை விழுந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

இதைப் பற்றி யோசிக்க வைத்தவன் என் ராத்தாவின் மகன். வயது 27. தோஹாவில் வேலை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எங்களை வெளியேற்றிய பிறகு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வாழ்க்கையில் பிறந்த பிள்ளை. நாங்கள் 2010இல் சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தபோது வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. பாதி வீட்டுக்கு அப்போதே தகரம் போட்டோம். மீதிக்கு ஓடு போடுவதற்கென்று அவன் சேர்த்துவந்த பணத்தில்தான் இப்போது சென்னைக்குப் போய்த் தலைக்கு முடி நடப்போவதாகச் சொல்கிறான். இரண்டு இடத்தில் பெண் பேசினார்கள். இரண்டும் போட்டோ போனதோடு நின்றுவிட்டன. மூன்றாவது இடத்துக்குப் போட்டோ அனுப்ப அவன் சம்மதிக்கவில்லை.

வீட்டில் இதைக் கேட்ட பெரியவர் ஒருவர், ஊரையே இழந்துவிட்டு வந்தவர்கள் நாங்கள், இவன் மயிருக்கு அழுகிறான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நானும் அந்தச் சிரிப்பில் சேரவில்லை. பெரிய இழப்பைக் கண்டவர்கள் சின்ன இழப்பைக் கேலி செய்யும் உரிமையைத் தாங்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் சமூகத்தில் இந்தப் பழக்கம் வேர்விட்டிருக்கிறது. வெளியேற்றத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எதைக் கேட்டாலும் 1990ஐக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கும் தங்கள் வயதுக்குரிய சின்னச் சின்ன ஆசைகளுக்கு இடம் வேண்டும். அகதிமுகாமில் பிறந்த ஒருவன் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று உடனே கேட்பார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு சம்பவம் எல்லோருக்கும் தெரிந்தது. பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த மூவர்: ஒருவர் வெண்குஷ்டக்காரர், ஒருவர் வழுக்கைத் தலையர், ஒருவர் பார்வையற்றவர். மலக்கு வந்து உனக்கு மிக விருப்பமானது எது என்று கேட்கிறார். வழுக்கைத் தலையர் அழகான முடியைக் கேட்கிறார். மக்கள் தம்மை அருவருப்பதற்குக் காரணமான இந்தக் குறை போக வேண்டும் என்கிறார். மலக்கு தடவிவிடுகிறார், முடி வருகிறது. கூடவே சினைப்பசுவும் கிடைக்கிறது. பயான்களில் இந்தக் கதையின் பின்பாதியைத்தான் அழுத்திச் சொல்வார்கள்: செல்வம் பெருகியபின் அதே மலக்கு ஏழையாக வந்து கேட்டபோது அந்த மனிதர் கைவிரித்துவிட்டார், பழைய நிலைக்கே திரும்பினார். எனக்கு முன்பாதியும் முக்கியம். முடி கேட்டதற்காக அவரை மலக்கு கண்டிக்கவில்லை. உலகத்தில் வேறு நல்ல விஷயம் கேட்கத் தெரியவில்லையா என்று சொல்லவில்லை. அவர் தோற்றது முடியை விரும்பியதில் அல்ல, பிறகு வந்த ஏழைக்குக் கொடுக்க மறுத்ததில்.

இதற்கு எதிராக ஒட்டுமுடி பற்றிய ஹதீஸை எடுத்துக்காட்டுவோர் உண்டு. நோயால் முடி கொட்டிய மணப்பெண்ணுக்கு வேறு முடியை இணைக்கலாமா என்று தாய் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் தன் தலையின் பின்புறத்திலிருந்து எடுத்த வேரை முன்புறத்தில் நடுவது வேறு விஷயம் என்பதே இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. அது வளரும், வெட்டலாம், மொட்டையும் அடிக்கலாம். வுழூவுக்கும் குளிப்புக்கும் தடையில்லை. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி அழகுச் சத்திரசிகிச்சை பற்றி எடுத்த தீர்மானமும் குறையைச் சீர்செய்வதையும் வெறும் மாற்றத்துக்காகச் செய்வதையும் வேறுபடுத்துகிறது. முடி உதிர்ந்தால் நடுவதை அனுமதிக்கும்போது பெண்களை அது குறிப்பாகச் சொல்கிறது. முக்காட்டுக்குள் முடி கொட்டும் பெண்ணின் கவலையை எங்கள் வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. அதைப் பற்றி எழுதப் பெண்ணொருவர் முன்வர வேண்டும்.

ஆகவே ஹலாலா ஹராமா என்ற இடத்தில் என் கேள்வி நிற்கவில்லை. ஆகுமான ஒன்றுக்காக எவ்வளவு செலவிடலாம், உடம்பை எவ்வளவு ஆபத்துக்கு உள்ளாக்கலாம் என்பதே கேள்வி.

முதலில் செலவு. சென்னையில் அவனுக்குச் சொன்ன கணக்கு, 2,500 வேர், ஒரு வேருக்கு 40 இந்திய ரூபா. மொத்தம் ஒரு இலட்சம் இந்திய ரூபா. எங்கள் பணத்தில் மூன்றரை இலட்சத்துக்குக் கிட்ட வரும். இத்தோடு முடியும் என்று அவன் நினைத்தான். உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். விமானச் சீட்டு, விசா, ஒரு வாரத் தங்கல், இரத்தப் பரிசோதனைகள், மருந்து, வேலையில்லாத நாட்களின் சம்பளம், துணைக்குப் போகும் எனது செலவு. ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகும் இருக்கிறது. நட்ட முடி நிலைத்தாலும் ஏற்கெனவே இருக்கும் முடி உதிர்வது நிற்காது. அதைத் தடுக்க மினொக்சிடில், பினாஸ்டரைட் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து பாவிக்க வேண்டிவரும். நிறுத்தினால் பலனும் போய்விடும். பினாஸ்டரைட் சிலருக்கு இல்லற விருப்பத்தைக் குறைக்கலாம் என்பதையும் கலியாணத்துக்காக முடி நடுபவர் தெரிந்திருக்க வேண்டும்.

போக்குவரத்து முன்னைப்போல் கஷ்டமில்லை. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமானநிலையமானது, அடுத்த மாதம் சென்னைக்கு விமானம் ஓடியது. கொரோனாவோடு நின்றது 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் உண்டு. வைத்தியத்துக்காக அக்கரை போவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. வைத்தியமே ஒருகாலத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போயிருக்கிறது. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் 1836இல் சென்னைக்குப் போனார். ஆனால் வேலூருக்குப் போகிறவர் நோயாளியாகப் போகிறார். முடி நடப் போகிறவர் நல்ல உடம்போடு போகிறார். ஆபத்தை எடைபோடும்போது இந்த வித்தியாசத்தைத்தான் நான் முதலில் வைக்கிறேன். நோயாளிக்கு வைத்தியம் செய்யாமல் விடுவதிலும் ஆபத்து இருக்கிறது. இவனுக்குச் செய்யாமல் விட்டால் வழுக்கை மட்டும்தான்.

2016இல் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் முடி நட்டபின் இறந்துபோனார். செய்த இடம் ஒரு சலூன். வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவரே இடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்றால் எங்கள் பிள்ளைகள் எம்மாத்திரம்? 2019இல் மும்பையில் 43 வயது வியாபாரி ஒருவர் ஒரே அமர்வில் 9,000க்கும் மேற்பட்ட வேர்களை நட்டுக்கொண்டபின் உயிரிழந்தார். 2022இல் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென வழிகாட்டல்களை வெளியிட்டது. சத்திரசிகிச்சைப் பயிற்சி பெற்ற வைத்தியரே இதைச் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூப்பிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது. எழுதவேண்டி வந்ததிலிருந்தே நடந்ததை ஊகிக்கலாம். தோஹாவில் அவனோடு வேலை செய்பவர்கள் சிலர் இஸ்தான்புல் போய்த் தலையில் கட்டோடு வந்திருக்கிறார்கள். ஹோட்டலும் வாகனமும் சேர்த்து ஒரே விலை. வைத்தியர் பெயரில் விளம்பரம், கத்தி பிடிப்பது வேறு ஆள் என்ற மோசடி பல நாடுகளில் நடப்பதாக முடிநடுகை வைத்தியர்களின் சர்வதேச சங்கமே எச்சரித்துவருகிறது.

மரணம் அரிது. அதைக் காட்டிப் பயமுறுத்துவதும் நேர்மையல்ல. அதைவிட அடிக்கடி நடப்பவை உண்டு: கிருமித்தொற்று, தழும்பு, பின்தலையை அளவுக்கு மீறிச் சுரண்டியதால் அங்கும் வெளித்துப்போதல். பின்தலை முடி வரையறுக்கப்பட்ட கையிருப்பு. 27 வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போது நெற்றியில் நட்டுவிட்டு, 40 வயதில் அதற்குப் பின்னால் எல்லாம் உதிர்ந்துபோனால், கடலில் தீவு மாதிரி முன்னால் ஒரு கற்றை நிற்கும். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபின் சீழ் வைத்தால் யார் பொறுப்பு? இங்குள்ள வைத்தியர் காயத்தைப் பார்ப்பார், சென்னையில் செய்ததற்குப் பதில் சொல்லமாட்டார். வழக்குப் போட எத்தனை தடவை கடல் கடப்பது?

அவன் என்னிடம் கேட்டது வேறு. "மாமா, பத்து நாளைக்குக் குனியக் கூடாதாம். ஸுஜூது எப்பிடிச் செய்யிற?" நோயாளி சைகையால் தொழலாம். ஆனால் தானே வரவழைத்துக்கொண்ட நோவுக்கு அந்தச் சலுகை உண்டா என்று அவன் மனசு உறுத்தியிருக்கிறது. சிகிச்சை ஆகுமென்றால் அதற்குரிய சலுகையும் ஆகும் என்றேன். ஆலிமிடமும் கேட்கச் சொன்னேன். நெற்றியைத் தரையில் வைக்க முடியாத பத்து நாளைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளையை முடிப்பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹஜ்ஜில் ஆண்கள் தலையை வழிக்கிறோம். பிறந்த ஏழாம் நாள் பிள்ளையின் முடியை இறக்கி, அந்த எடைக்கு வெள்ளி ஸதகா கொடுக்கிறோம். இதைச் சொல்லி, முடியைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று வாதிக்கலாம். நான் அப்படி வாதிக்கவில்லை. நாமாகக் கொடுப்பது ஒன்று, நம்மிடமிருந்து போவது இன்னொன்று. ஹஜ்ஜில் மொட்டை அடித்தவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

என் கோபம் போட்டோவைத் திருப்பி அனுப்பிய இரு வீடுகள் மீது. அந்த இரு வீட்டாரும் தொழுகையாளிகள், மார்க்கம் பார்த்துப் பெண் கொடுப்போம் என்று சொல்பவர்கள். இவன் கத்தியின் கீழ் தலையை வைப்பதற்கு அவர்களும் காரணம். சபையில் சிரித்தவர்களும் காரணம். செலவைக் கணக்கிட்டபோது இவர்களின் பங்கை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

நாங்கள் பேசி முடித்தது இவ்வளவுதான். முதலில் தோல் வைத்தியர் ஒருவரிடம் போவது, ஒரு வருடம் மருந்தைப் பாவித்து உதிர்வு நிற்கிறதா என்று பார்ப்பது. அதற்குள் ஓட்டு வேலையை முடிப்பது. பிறகும் போக விரும்பினால் கடன் வாங்காமல் போவது, வேரை எடுப்பவரும் நடுபவரும் யார், அவரது பதிவிலக்கம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குவது, உங்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லும் வைத்தியரை முதலில் நம்புவது. கடைசி நிபந்தனை அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்குப் போட்டோ இன்னும் போகவில்லை. தொப்பியோடு எடுத்ததை அனுப்பலாம் என்று ராத்தா சொன்னதற்கு, இருக்கிறபடிதான் எடுக்க வேண்டும் என்று அவன் பதில் சொல்லியிருக்கிறான்.