மேடை அமைப்பவரின் கூலி

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோரும், பந்தல் போடுவோரும், விளக்கு அமைப்போரும் நம் ஊர்கள்தோறும் இருக்கின்றனர். மீலாது விழாவுக்கும் நிக்காஹ் வீட்டுக்கும் சென்று வந்த அதே பெட்டிகள், தேர்தல் அறிவிக்கப்பட்டதும் கட்சி மேடைகளுக்குப் புறப்படுகின்றன. இன்று ஒரு கட்சி. நாளை அதனை ஏசும் மறு கட்சி. இருபுறமும் கூலி பெறுவது முறைதானா, மேடையில் பேசப்படும் பொய்யிலும் அவதூறிலும் மேடை அமைத்தவருக்குப் பங்கு உண்டா என்னும் வினா நம்மிடம் பலமுறை வந்துள்ளது.

இரு தரப்பாருக்கும் மேடை அமைப்பதை இரட்டை வேடம் என்று நாம் கருதவில்லை. அவர் விற்பது உழைப்பை, கருத்தையன்று. ஊரில் ஒரே மைக் செட் இருந்து, அதன் உரிமையாளர் தம் கட்சிக்கு மட்டுமே தருவேன் என்று நின்றால், எளிய வேட்பாளரின் குரல் எழாமலே போகும். கேட்டவர்க்கெல்லாம் ஒரே வாடகைக்குக் கொடுப்பது நேர்மையேயாகும்.

இனி, பேச்சின் பாவம் யாரைச் சாரும்? இதையொத்த வினாவை நம் ஃபிக்ஹு நூல்கள் முன்பே ஆராய்ந்துள்ளன. மது காய்ச்சுபவன் என்று தெரிந்தே ஒருவனுக்குத் திராட்சைச் சாற்றை விற்கலாமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூடும் என்றார்கள். சாறு மாற்றமடைந்த பிறகே அதில் பாவம் வருகிறது என்பது அன்னாரின் தரப்புக்குச் சொல்லப்படும் காரணம். அன்னாரின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் அது வெறுக்கத்தக்கது என்றனர். ஆனால் குழப்பக் காலத்தில் குழப்பக்காரரிடம் ஆயுதம் விற்பதை அந்நூல்கள் அனுமதிக்கவில்லை. ஆயுதம் எதுவாகவும் மாற வேண்டியதில்லை. உள்ளபடியே அது தீங்கு செய்யும்.

ஒலிபெருக்கி இவ்விரண்டில் எது? அதுவும் எதையும் மாற்றுவதில்லை; வந்த சொல்லைப் பெரிதாக்கி அனுப்புகிறது. எனினும், என்ன சொல் வரும் என்பதைப் பெட்டிக்கு உரியவர் பெரும்பாலும் அறியார். அறியாததற்குக் குற்றம் சுமத்துவது நீதியன்று. ஒரு சமூகத்தாரை மற்றொரு சமூகத்தார்மீது ஏவிவிடுவதற்கென்றே கூட்டப்படுவது என்று முன்கூட்டியே தெளிவாகத் தெரிந்தால் மட்டும் நிலை வேறு. அந்த வாடகையை விட்டுவிடுவதே தக்கது. தேர்தல் மாத வருவாயைக் கொண்டு பெட்டிகளின் கடனை அடைப்பவர்க்கு இது எளிதன்று என்பதை அறிந்தே சொல்கிறோம். பேச்சின் நடுவே கம்பியைப் பிடுங்குமாறு நாம் கூறவில்லை. கூடியிருக்கும் மக்களுக்கு அது கேடாய் முடியும்.

மேடையின் உறுதி முற்றிலும் அவர் பொறுப்பு. இருபது பேருக்கெனக் கட்டிய பலகையில் தலைவர் வந்ததும் அறுபது பேர் ஏறுவது நம் நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தை அறிந்தே சவுக்குக் கம்புகளை நட வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. அந்நேரத்தில் நிறுத்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இவையெல்லாவற்றினும் நம்மை உறுத்துவது ரசீதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951 இன்படி ஒவ்வொரு வேட்பாளரும் தம் செலவுக் கணக்கை, முடிவு வெளியான 30 நாள்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். நம் மாநிலத்தில் செலவு வரம்பு 2022-இல் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சமாகவும், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. வரம்புக்குள் கணக்கு அடங்க வேண்டுமே! ஆகவே இரண்டு லட்ச ரூபாய்க்கு மேடையும் திரையும் அமைத்தவரிடம், "நாற்பதாயிரத்துக்கு எழுதிக் கொடுங்கள், பாய்" என்று கேட்கின்றனர். தேர்தல் ஆணையத்தின் கண்காணிப்புக் குழு கூட்டத்தைப் படம்பிடித்து, நாற்காலிகளையும் ஒலிபெருக்கிகளையும் எண்ணி, மாவட்ட விலைப்பட்டியலின்படி மதிப்பிடுகிறது. ஆயினும் கேட்பவர் கேட்கிறார், கொடுப்பவர் கொடுக்கிறார்.

"கணக்குக் காட்டியவர் அவர், நமக்கென்ன?" என்பர் சிலர். திராட்சைச் சாறு விற்றவர்க்கு இருந்த விலக்கு இங்கே இல்லை. மேடையில் ஒலித்தது பிறருடைய குரல். ரசீதில் இருப்பதோ இவருடைய எழுத்து, இவருடைய கையொப்பம். பெரும் பாவங்களை எடுத்துரைக்கையில் சாய்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைக் கூறுமிடத்தில் நிமிர்ந்தமர்ந்து, திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் வருகிறது. வரம்பை மதித்துச் சிறு மேடையோடு நின்ற வேட்பாளர், எதிராளியின் பெருமேடைக்கும் தம்முடைய தொகையே எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது, அநீதியிழைத்தவர்களில் ரசீது எழுதியவரையும் சேர்த்துத்தானே எண்ணுவார்?

எழுதிக் கொடுக்காவிட்டால் அடுத்த கூட்டம் கைமாறிப்போகும் என்பதும், பாக்கித் தொகை நின்றுவிடும் என்பதும் உண்மையே. இத்தொழிலில் உள்ள நம் சகோதரர்கள் முன்பணம் பெறும்போதே பொருள்களையும் வாடகையையும் தாளில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பின்னரே வண்டியை அனுப்பலாம். கூட்டம் முடிந்தபின் தொகையைக் குறைக்கச் சொல்வோரிடம் அத்தாளைக் காட்டலாம். ஊரிலுள்ள மைக் செட்காரர்கள் அனைவரும் ஒன்றுகூடி இதையே வழக்கமாக்கிக்கொண்டால், ஒருவர் மறுத்த வேலை மற்றொருவரிடம் போவதும் நிற்கும்.