போட்டுக் கொடுத்தது யார்?

‘போட்டுக் கொடுத்துட்டான்’ என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டால், அவர் சொன்னது என்ன, அது உண்மையா என்று பிறகு யாரும் கேட்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் பத்து நிமிடம் தாமதமாக வந்ததை மேலாளர் காதில் போடுகிறவருக்கும் இதே பெயர்தான். நான்கு அங்குலக் கான்கிரீட்டை, வேலையின் அளவுகளைப் பதியும் எம் புக்கில் ஆறு அங்குலம் என்று ஏற்றிப் பில் பாஸ் செய்ததை விஜிலன்சுக்கு எழுதிப் போடுகிற பொறியாளருக்கும் இதே பெயர்தான். வத்தி வைத்தான், மாட்டிவிட்டான் என்பவையும் இந்த வகைதான். சொன்ன விஷயத்தை ஒதுக்கிவிட்டு, சொன்ன ஆளை மட்டும் கூண்டில் ஏற்றுகிற பேச்சு இது.

இந்த வெறுப்புக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புறங்கூறாமைக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் வேவு பார்த்தால் எந்தத் தொழிலும் நடக்காது. ஆனால் வெறுப்பு விசாரித்துவிட்டுப் பாய்வதில்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபரில். கம்பெனிக்குத் துணைநின்ற பழி எட்டயபுரத்துக்கு உண்டு. பிடித்துக் கொடுத்த பழி அதற்கு உரியதல்ல. ஆனாலும் காட்டிக் கொடுப்பவனுக்கு ஊர் வைத்த பெயர், எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டமான ‘எட்டப்பன்’.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: மறைக்கப்பட்ட விஷயம் மறைத்தவர்களுக்கு மட்டுமே சொந்தமானதா? தாமதமாக வந்தவரின் வீட்டுக் கஷ்டம் அவருடையது. அதை எடுத்துச் சென்று நல்ல பெயர் வாங்குவது ஈனம். ஆறு அங்குலக் கணக்கு அப்படியல்ல. அதற்குப் பணம் கட்டியவர்களும், பாலம் இடிந்தால் அடியில் சிக்குகிறவர்களும் வெளியாட்கள். நஷ்டம் வெளியாரின் தலையில் விடியும்போது, ‘நம்ம ஆபீஸ் விஷயம்’ என்று பூட்டிவைக்கும் உரிமை உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை.

பகையை மனதில் வைத்துப் புகார் கொடுக்கிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் சொன்னவரின் மனம் கோணலாக இருப்பதால் கான்கிரீட்டின் கனம் கூடிவிடாது. அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். பொய்ப் புகாரென்றால் தண்டிக்கலாம். முதலில் மேலதிகாரியிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். திருட்டுப் பணத்தின் பங்கு மேலேயும் போகாத இடத்தில் அது சரி. போகிற இடத்தில், திருடனிடமே சாவியைக் கொடுத்ததாகிவிடும்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடேயே அலுவலகங்களைச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர் செய்த கொலை என்பதே நீதிமன்றத்தின் முடிவு. அதை அப்படியே ஏற்றாலும், நம்பி எழுதியவரின் பெயரை வெளியே விட்ட குற்றம் குறைவதில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியும், அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் பத்தாண்டுகள் ஓடிவிட்டன. நம்பி வந்தவரை அவருக்குத் தீங்கு செய்யக்கூடியவர்களின் கண்ணில் காட்டுவதுதான் போட்டுக் கொடுப்பது என்றால், இந்த வழக்கில் அதைச் செய்தது துபே அல்ல, அவர் கடிதத்தை வாங்கிய அரசு.